அத்தியாயம் 6: அம்பின் நுனியில் எதை மாட்டுவது?

செப்டம்பர் பிறந்ததும் வில்வேட்டைக் கடைகளில் ஒரு சுவர் முழுக்கப் பிராட்ஹெட் என்னும் வேட்டை அம்புத்தலைகளின் அட்டைகள் தொங்க ஆரம்பித்துவிடும். மூன்று தலைகள் கொண்ட அட்டை 30 டாலருக்கும் கிடைக்கும், 100 டாலரைத் தாண்டியும் போகும். எல்லா அட்டையும் ஒரே பாட்டைத்தான் பாடும்: அகலமாக வெட்டும், ஆழமாகப் பாயும், பயிற்சி முனை போலவே பறக்கும். இந்த மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதை மட்டும் எந்த அட்டையும் சொல்லாது.

புதிதாக வேட்டைக்கு வருகிறவர்களோடு நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்.

“அண்ணா, எந்த பிராட்ஹெட் நல்லது?”

“உங்க வில்லு எத்தனை பவுண்டு, தம்பி?”

“அறுபது.”

“அம்பு மொத்தமா எத்தனை கிரெயின்?”

இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். வில்லின் இழுவிசை எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். முழு அம்பையும் தராசில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. பிராட்ஹெட் விஷயத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் கனம் அதிகம். தலை என்பது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். வில், தண்டு, இறகு எல்லாம் முடிவான பிறகு, அவற்றால் எந்தத் தலையை நேராகவும் ஆழமாகவும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசப்படுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் பெற்று, சீசனில், வெள்ளைவால் மானை வேட்டையாடுவது பற்றி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான்வேட்டை குற்றம். வில்லா துப்பாக்கியா என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரிட்டனில் துப்பாக்கியால் மான் சுடலாம், வில்லால் கூடாது. ஊருக்கு விடுமுறைக்குப் போகும்போது இந்தப் புத்தகத்தையும் வில்லையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

தலையின் வேலை

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் திசுவைச் சிதைக்கிறது. அம்பிடம் அந்த வேகம் கிடையாது. அது வெட்டுகிறது, அவ்வளவுதான். விலாவெலும்புகளுக்கு நடுவே புகுந்து இரண்டு நுரையீரலையும் அறுத்துக்கொண்டு வெளியேறினால், ரத்தம் வடிவதும் நுரையீரல் சுருங்குவதும் ஒன்றுசேர்ந்து மானைச் சில விநாடிகளில் வீழ்த்திவிடும். பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் கிடக்கும். அந்த இலக்கின் அளவு எட்டு முதல் பத்து அங்குல விட்டம். தலை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இந்த வட்டத்தைத் தவறவிட்டால் ஈடுசெய்யாது.

வெட்டின் தரமும் முக்கியம். சவரம் செய்யும்போது புது பிளேடு கீறிய இடம் வெகுநேரம் கசிந்துகொண்டே இருக்கும். வேலிமுள் கிழித்த காயம் சீக்கிரம் உறைந்துவிடும். மானின் உடலுக்குள்ளும் இதே கதைதான். மழுங்கிய அலகு ரத்தநாளத்தைத் தள்ளிவிட்டோ கிழித்தோ போகும். கிழிந்த திசு ரத்தம் உறைவதற்குத் துணைபோகும். கூரான அலகு சுத்தமாக அறுத்துவிட்டுப் போவதால் ஒழுக்கு நிற்காது.

இரண்டு துளை வேண்டும் என்று பழைய கைகள் ஏன் அடித்துச் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். வெள்ளைவால் மானை அநேகர் மரப்பரணில் உட்கார்ந்துதான் எய்கிறார்கள், தரையிலிருந்து இருபதடி உயரத்தில். அம்பு மேலிருந்து சாய்வாக இறங்குவதால் நுழையும் துளை உடம்பின் மேற்பக்கம் விழும். அந்தத் துளை மட்டும் இருந்தால் ரத்தம் மார்புக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். தரையில் சொட்டுக்கூட விழாமல் மான் எண்பது கஜம் போய்விடும். செத்த மான் புதருக்குள் கிடக்க, வேட்டைக்காரர் டார்ச்சோடு எதிர்த்திசையில் தேடிக்கொண்டிருப்பார். அடிப்பக்கம் வெளியேறும் துளை இருந்தால் குழாய் திறந்தது மாதிரி ஒழுகும். ஆகவே என் வரிசை இது: நேராகப் பறக்க வேண்டும், உடையாமல் இருக்க வேண்டும், கூராக இருக்க வேண்டும், மறுபக்கம் வெளியே வர வேண்டும். அகலம் இவற்றுக்கெல்லாம் பிறகு.

என்னென்ன வகை

அசையாத அலகு கொண்டவை பழைய குடும்பம். இதில் இரண்டு அலகுத் தலை மிக எளிமையானது. நுனியிலிருந்தே வெட்டத் தொடங்கும். ஸ்விக்கி நிறுவனம் 1938-இலிருந்து இந்த வகையைச் செய்துவருகிறது. 1956-இல் ஃப்ரெட் பேர் தன் ரேஸர்ஹெட்டைக் கொண்டுவந்தார். இரண்டு அலகுத் தலைக்குள் குறுக்காக ஒரு சவரபிளேடு போன்ற சிறு தகட்டைச் செருகும் அமைப்பு அது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இன்றைய மேக்னஸ் ஸ்டிங்கர் போன்ற நான்கலகுத் தலைகள் அந்த யோசனையின் வாரிசுகள்தாம்.

மூன்று அலகுகளை மாற்றிக்கொள்ளும் வகையில் மஸ்ஸி பெயர் பிரபலம். இவற்றின் நுனி ஆணிபோல் முப்பட்டையாக இருக்கும். எலும்பைப் பிளக்க உதவும், ஆனால் தோலைத் தொட்டவுடனே வெட்டாது, குத்திய பிறகுதான் அலகுகள் வேலையைத் தொடங்கும். ஜி5 மான்டெக் போல ஒரே இரும்பில் செய்த மூன்றலகுத் தலையில் கழன்றுபோக எதுவும் இல்லை. மழுங்கினால் சாணை பிடித்துத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

விரியும் தலையை மெக்கானிக்கல் என்றே கடைகளில் கேட்கிறோம். பறக்கும்போது அலகுகள் மடங்கியிருக்கும், பட்டதும் விரியும். சிலவற்றில் அலகு முன்பக்கமிருந்து பின்னோக்கி மடிந்து திறக்கும். ரேஜ் புகழ்பெறச் செய்தது வேறு முறை: அலகுகள் பின்னோக்கி வழுக்கி வெளியே வரும், இரண்டங்குல வெட்டு கிடைக்கும். பாதி அசையாமல் பாதி விரியும் கலப்பு வகைகளும் உண்டு. அவற்றில் இரண்டு குடும்பத்தின் குறையும் சேர்ந்தே வருகிறது என்பது என் எண்ணம். அவற்றைக் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள்.

அட்டையில் போட்டிருக்கும் அகலத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒன்றே கால் அங்குலத்துக்கும் குறைவான, 1⅛ அங்குல மூன்றலகுத் தலையை எடுத்துக்கொள்வோம். மையத்திலிருந்து ஒவ்வோர் அலகும் அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக நீளும். மூன்றையும் கூட்டினால் மொத்த வெட்டு கிட்டத்தட்ட 1.7 அங்குலம். அதே 1⅛ அங்குல இரண்டலகுத் தலையின் மொத்த வெட்டு 1⅛ அங்குலம் மட்டுமே. இரண்டங்குல மெக்கானிக்கலுக்கும் சாதாரண மூன்றலகுத் தலைக்கும் உள்ள வித்தியாசம் விளம்பரம் காட்டும் அளவுக்குப் பெரிதில்லை என்பது இந்தக் கணக்கில் தெரியும். மூன்றலகுத் துளை ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே நிற்கும் என்பதும் கூடுதல் லாபம். ஆனால் ஒவ்வோர் அலகும் வழியில் உராயும்; உராய்வுக்கு விலை உண்டு, அது ஊடுருவல்.

உங்கள் வில்லுக்கு எவ்வளவு திராணி

கணக்கு எளிது. அம்பின் மொத்த எடையைக் கிரெயினில் எடுங்கள். வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். இரண்டையும் பெருக்கி 450240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் இயக்க ஆற்றல் வரும். வேகம் தெரியாவிட்டால் கடையில் உள்ள வேகமானியில் இரண்டு அம்பு விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள்.

எழுபது பவுண்டுக்கு அருகிலான காம்பவுண்ட் வில் 400 கிரெயின் அம்பை 280 அடி வேகத்தில் விட்டால் சுமார் 70 அடி-பவுண்டு. பதின்வயதுப் பிள்ளையோ மெலிந்த உடம்புக்காரரோ இழுக்கும் நாற்பது பவுண்டு காம்பவுண்ட், 350 கிரெயின் அம்பு, 210 அடி வேகம்: 34. நாற்பத்தைந்து பவுண்டு ரிகர்வ், 450 கிரெயின், 170 அடி: 29. மானளவு விலங்குக்கு 25 முதல் 41 வரை போதும் என்பது ஈஸ்டன் நிறுவனத்தின் நெடுநாள் அட்டவணை. மூன்று வில்லுமே மானுக்குப் போதும் என்றுதான் இதற்கு அர்த்தம். ஆனால் மூன்றுக்கும் ஒரே தலை போதும் என்று அர்த்தமில்லை. அட்டவணை நுனியில் என்ன இருக்கிறது என்று கேட்பதே இல்லை.

விரியும் தலை அலகைத் திறப்பதற்கே ஆற்றலில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. திறந்தபின் அகன்ற வாயோடு உள்ளே போவதற்கு மேலும் செலவழிக்கிறது. 70 உள்ளவருக்கு இது பெரிய செலவில்லை. 29 உள்ளவர் இரண்டங்குல மெக்கானிக்கலை மாட்டினால் அம்பு ஒரு பக்க விலாவைத் தாண்டி நடுவில் நின்றுவிடக்கூடும். மறுதுளை இல்லை, ரத்தத் தடம் இல்லை. இதே ரிகர்வில் நன்றாகத் தீட்டிய, குறுகலான இரண்டலகுத் தலையை மாட்டுங்கள். ஆட்டுக்கறியில் கத்தி இறங்குவதுபோல இறங்கி மறுபக்கம் புல்லில் குத்தி நிற்கும்.

காம்பவுண்டில் ஐம்பது பவுண்டுக்குக் கீழே இழுப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டாத அசையா அலகுதான். அறுபதைத் தாண்டி, அம்பும் 400 கிரெயினுக்கு மேல் இருந்தால் எந்தக் குடும்பமும் உங்களுக்குப் பொருந்தும். அங்கே பேச்சு ஆற்றலிலிருந்து பறத்தலுக்கு மாறிவிடும். குறுக்குவில் வைத்திருப்பவர்கள் அதற்கென்று செய்த தலையை வாங்குங்கள். அந்த வேகத்துக்குச் சாதாரண மெக்கானிக்கலின் அலகுகள் எய்தவுடனேயே திறந்துகொள்ளலாம்.

பழைய சண்டை

அசையா அலகா, மெக்கானிக்கலா என்று எந்த வேட்டை முகாமிலும் இரவு முழுக்கச் சண்டை நடக்கும். மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில் 1989 முதல் பல ஆண்டுகள் வில்லால் அடிபட்ட மான்களைக் கணக்கெடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள். அசையா அலகால் அடிபட்டவற்றில் கையில் கிடைத்தவை சுமார் 82 விழுக்காடு. விரியும் அலகால் அடிபட்டவற்றில் சுமார் 91. மெக்கானிக்கல் கட்சிக்காரர்கள் இந்த எண்ணை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நியாயம்தான். சற்று பின்னால் பட்ட அம்புக்கு அகலமான வெட்டு கைகொடுப்பது காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் இருக்கலாம்: வில்லைச் சரியாகச் சீர்செய்யாதவர் கையில் மெக்கானிக்கல் குறி தவறுவது குறைவு. கைக்குக் கிடைக்காமல் போன மான்களில் எத்தனையை நல்ல சீரமைப்பே கையில் சேர்த்திருக்கும் என்று அட்டவணையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

எதிர்முகாமின் ஆசான் எட் ஆஷ்பி. 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் பெரிய விலங்குகள்மேல் அம்பு ஊடுருவலைச் சோதித்தவர். கனத்த அம்பு, முன்பாரம் அதிகம், அகலத்தைப்போல மூன்று மடங்கு நீளமுள்ள இரண்டலகுத் தலை, ஒரு பக்கம் மட்டும் தீட்டிய விளிம்பு: இதுதான் அவர் வழி. கனத்த எலும்பைத் தாண்ட 650 கிரெயின் வேண்டும் என்கிறார். வெள்ளைவால் மானுக்கு அவ்வளவு தேவையில்லை என்பேன்; அதன் விலாவெலும்பு மெல்லியது. தோள்பட்டை எலும்பின் தட்டையான பகுதியைக்கூட நல்ல அம்பு துளைத்துவிடும். அந்த எலும்பின் வரம்பிலும் கீழ்மூட்டிலும் பட்டால்தான் கதை வேறு. ஆனால் ஆஷ்பியின் பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவை எல்லா வில்லுக்கும் பொருந்தும்: தலை உடையக்கூடாது, அம்பு நேராகப் பறக்க வேண்டும். ஒருபக்கத் தீட்டல் உள்ள தலையை வாங்கினால் ஒரு கவனம் வேண்டும். வலப்பக்கத் தீட்டலுக்கு வலச்சுழல் இறகு, இடத்துக்கு இடம். மாற்றி மாட்டினால் காற்றில் ஒரு திசையிலும் உடலுக்குள் எதிர்த்திசையிலும் சுழல முயலும்.

எடை பற்றி நிறையக் குழம்ப வேண்டாம். 100 கிரெயினும் 125 கிரெயினும் தான் எங்கும் கிடைப்பவை. 100 கிரெயின் என்பது ஆறரை கிராம். பயிற்சி முனை எந்த எடையோ தலையும் அதே எடை, அவ்வளவுதான். 100-இலிருந்து 125-க்குத் தாவினால் தண்டு நாணின் உந்தலில் கூடுதலாக வளையும். அது தாங்குமா என்று தண்டு அட்டவணையில் பாருங்கள். முன்பாரம் பார்க்க அம்பை விரல்மேல் நிறுத்துங்கள். 28 அங்குல அம்பு பின்முனையிலிருந்து பதினேழரை அங்குலத்தில் சமநிலை கொண்டால், நடுவிலிருந்து மூன்றரை அங்குலம் முன்னால். 28-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை விழுக்காடு. பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் இருந்தால் மான்வேட்டைக்கு நிம்மதி. மரை அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே அளவுதான். டீப் சிக்ஸ் போன்ற மெல்லிய தண்டுக்கு மட்டும் வேறு மரை, கடையில் சொல்லி வாங்குங்கள்.

சட்டப் புத்தகம்

விஸ்கான்சின் 1934-இலேயே வில்லுக்கென்று தனி மான் சீசன் விட்ட மாநிலம். அங்கே தலையின் அகலம் குறைந்தது ⅞ அங்குலம், பென்சில்வேனியாவிலும் அப்படியே. ஒன்டாரியோவில் 22 மில்லிமீட்டர் அகலமும் குறைந்தது இரண்டு கூரான வெட்டும் விளிம்பும் வேண்டும். மானுக்கான வில் 700 மில்லிமீட்டர் இழுவைக்குள் 18 கிலோ இழுவிசையாவது தர வேண்டும். டொராண்டோ பக்கத்து வாசகர்கள் பிள்ளைகளுக்கு வில் வாங்கும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னோக்கி முள்போல் வளைந்த அலகைச் சில மாநிலங்கள் தடுக்கின்றன; விரியும் தலைக்குத் தனி விதி வைத்த இடங்களும் உண்டு. விதிகள் மாறும், அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்க்காமல் காட்டுக்குள் போகாதீர்கள்.

பறக்கவிட்டுப் பார்ப்பது

தலையை மாட்டியதும் முதலில் சுழற்றிப் பாருங்கள். அம்பைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியை ஒரு மரப்பலகையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தண்டைப் பம்பரம்போல் உருட்டிவிடுங்கள். தலையும் தண்டும் சேரும் இடத்தைக் கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும். சரியாக உட்கார்ந்திருந்தால் அந்த இடம் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். கோணலாக இருந்தால் அங்கே ஒரு மங்கலான நடுக்கம் தெரியும், விரலிலும் அதிரும். நடுங்கினால் தலையை வேறு தண்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் நடுங்கினால் தலை கோணல், திருப்பிக் கொடுங்கள். அங்கே சரியாகச் சுழன்றால் முதல் தண்டின் வெட்டுமுகம் நேராக இல்லை. அதை நேராக்கும் சின்னக் கருவி விற்கிறது. அலகும் இறகும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பார்கள் சிலர். நடுக்கம் இல்லாத தலைக்கு அது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு எய்து பாருங்கள். அசையா அலகு காற்றில் முன்பக்கத்து இறக்கை மாதிரி வேலை செய்யும். வில்லில் சிறு கோணல் இருந்தாலும் அதைப் பெரிதாக்கிக் காட்டும். இருபது கஜத்தில் பயிற்சி முனை அம்பையும் பிராட்ஹெட் அம்பையும் மாறிமாறி விடுங்கள். ஒரே புள்ளியைக் குறிவைத்து இரண்டு பிராட்ஹெட் விடாதீர்கள், முந்தைய அம்பின் இறகைப் பிந்தையது சீவிவிடும். பிராட்ஹெட்கள் இடப்பக்கம் கூடினால் அம்புத்தாங்கியை வலப்பக்கம் நகர்த்துங்கள். தாழ்வாகக் கூடினால் தாங்கியை உயர்த்துங்கள். எப்போதும் பிராட்ஹெட் எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம்தான். ஒரு தடவைக்கு அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இருபதில் இரண்டு வகை அம்பும் ஒரே இடத்தில் கூடினால் முப்பதுக்குப் போங்கள். மாலை வெளிச்சம் போவதற்குள் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சோர்ந்த கையோடு செய்தால் வில்லின் கோணலா உங்கள் கோணலா என்று தெரியாமல் போய்விடும்.

மெக்கானிக்கல் பயிற்சி முனை போலவே பறக்கும் என்பது பொய்யில்லை. அலகு மடங்கியிருப்பதால் காற்று பிடிப்பதில்லை. ஆனால் சீர்செய்யாத வில்லின் கோணலை அது மறைத்துவிடுகிறது. அம்பு இலக்கில் பட்டாலும் வால் ஒருபக்கம் சாய்ந்தபடி நுழையும். நுழைந்த பிறகு ஆழம் போகாது. அதனால் மெக்கானிக்கலே பயன்படுத்துவதாக இருந்தாலும், ஒரு மலிவான அசையா தலையை வைத்து வில்லைச் சீர்செய்துவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள் என்பேன். அலகைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் அல்லது பிளாஸ்டிக் கழுத்துப்பட்டையை ஒவ்வொரு சீசனும் மாற்றுங்கள். காய்ந்து வெடித்த வளையம் நாணிலிருந்து புறப்படும்போதே அலகை விட்டுவிட்டால் அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மான் உங்களை நோக்கியோ மிகச் சாய்வாகவோ நிற்கும்போது, ஓரலகு முதலில் தட்டி அம்பைத் துள்ளவைக்கும் ஆபத்தும் இந்த வகைக்கு உண்டு. அந்தக் கோணத்தில் எய்யாமல் விடுவது எந்தத் தலைக்கும் நல்லதுதான்.

கூர்

அட்டையிலிருந்து எடுத்த தலை கூராகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். முன்கையில் மயிர் சிரைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் பிடித்த சோதனை. அதைவிட நம்பகமானது ரப்பர் பேண்டு. மெல்லிய ரப்பர் பேண்டு ஒன்றை அட்டைப் பெட்டிமேல் தளர்வாக மாட்டி, அலகின் விளிம்பை அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். இழுக்கவோ அறுக்கவோ கூடாது, அழுத்துவது மட்டும். கூரான விளிம்பு தொட்ட மாத்திரத்தில் பேண்டு பட்டென்று துண்டாகும். முன்னால் தள்ளிக்கொண்டு போய், பிறகு அறுந்தால் அந்த அலகுக்கு வேலை பாக்கி. ரத்தநாளமும் அப்படித்தான் அலகுக்கு முன்னால் வழுக்கிப்போகும். விளிம்பு முழுக்க, அடிப்பகுதியிலும் நுனியிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒரே இரும்பில் செய்த மூன்றலகுத் தலைக்குத் தட்டையான சாணைக்கல் போதும். இரண்டு அலகும் ஒரே நேரத்தில் கல்லில் படியும்படி கிடத்தி இழுத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். மூன்று பக்கமும் சம எண்ணிக்கை இழுப்பு. இரண்டலகுத் தலைக்கு முதலில் அரம், பிறகு கல், கடைசியில் தோல்வாரில் நாலைந்து தடவை. மாற்று அலகு வகைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, புதிது மாட்டிவிடுங்கள். தீட்டி முடித்த விளிம்பில் வாசலினை ஒரு படலமாகத் தடவுங்கள். பனியில் ஒரே இரவில் துரு பிடிக்கும். அம்புறையின் ஸ்பாஞ்சுக்குள் ஒவ்வொரு முறை குத்தும்போதும் கூர் கொஞ்சம் போகும். அதனால் வேட்டை அம்புகளை ஒருமுறை சொருகியபின் வேடிக்கைக்காக எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

வாங்கும்போதும் பிறகும்

ஒரே தலையில் ஆறு வாங்குங்கள். மூன்று வேட்டைக்கு, மூன்று பயிற்சிக்கு. அம்புகளில் எண் எழுதி, பிராட்ஹெட்டோடு நேராகப் பறந்தவற்றை மட்டும் அம்புறையில் வையுங்கள். பயிற்சிக்கு அடுக்கு ஃபோம் இலக்கு வேண்டும்; துணிப்பை இலக்கில் விட்டால் பையும் போகும், அம்பை இழுக்கும்போது தலையும் உள்ளே தங்கிவிடும். விலையைப் பற்றிக் கேட்டால், நடுத்தர விலைத் தலையை வாங்கி மிச்சக் காசில் நல்ல சாணைக்கல் வாங்குங்கள் என்பேன். முகாமில் யாராவது நூறு டாலர் தலையைக் காட்டினால் பாராட்டிவிட்டு, ரப்பர் பேண்டை நீட்டுங்கள்.

தலையை மாட்டவும் கழற்றவும் அட்டையோடு வரும் பிளாஸ்டிக் சாவியையே பயன்படுத்துங்கள். வெறுங்கையில் திருகுபவருக்குத் தையல் போட மருத்துவமனை தூரத்தில் இருக்கும். தண்டு குட்டையாக இருந்தால் முழு இழுவையில் தலை வில்லைப் பிடித்த விரலுக்கு அருகே வந்துவிடும். அலகு அம்புத்தாங்கிக்கு முன்னால், விரலைத் தாண்டி நிற்கும் நீளத்தில் தண்டை வெட்டுங்கள். பரணுக்கு ஏறும்போது அம்புகள் மூடியுள்ள அம்புறையில் இருக்க வேண்டும். நீங்கள் ஏறி, பாதுகாப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டபின், வில்லைக் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள்.

மான் கிடைத்ததும் கத்தியை எடுக்கும் முன் அம்பைத் தேடிப் பாருங்கள். மூன்றலகில் இரண்டுதான் இருக்கிறதென்றால் மூன்றாவது மானுக்குள் இருக்கிறது, நீங்கள் கையை விடப்போகும் அதே மார்புக்கூட்டில். அம்பே கிடைக்கவில்லை என்றாலும் அப்படியே நினைத்துக்கொண்டு, தடித்த கையுறையோடு மெதுவாகத் துழாவுங்கள். இறைச்சியை வெட்டும் இடத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை எலும்பில் பட்ட மாற்று அலகைத் திரும்ப மாட்டாதீர்கள்; அலகைத் தாங்கும் தலையின் உடம்பு வளையாமல் சுழற்சி சோதனையில் தேறினால் அதைக் கழுவி வைத்துக்கொள்ளலாம். கழற்றிய அலகுகளைக் குப்பைப்பையில் போட்டால் குப்பை அள்ளுபவர் கையைக் கிழிக்கும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி ஒட்டி, பழைய இரும்போடு கொடுத்துவிடுங்கள்.